மஞ்சள் டாலர்: கூலி வெட்டுக்கு ஒரு புதுப் பெயர்

மூன்றாவது ஷிப்டு முடிந்து மில் கேட்டுக்கு வெளியே பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறோம். கையில் செல்போன். நடவு வயலிலிருந்து மதியக் கஞ்சிக்குக் கரையேறிய பெண்கள் வரப்பில் உட்கார்ந்து பார்ப்பதும் அதைத்தான். சமையல், பாட்டு, நாட்டு நடப்பு, வைத்தியம், பட்டிமன்றம் – யூடியூபில் இல்லாதது இல்லை. எல்லாம் இலவசம் என்கிறார்கள். இடையில் ஒரு சோப்பு விளம்பரம் குதிக்கிறது. ஒரு நகைக்கடை கண்ணைச் சிமிட்டுகிறது. ஐந்து விநாடி பொறுத்து, அதைத் தள்ளிவிட்டு மேலே பார்க்கிறோம்.

தோழர்களே, நாம் தள்ளிவிட்டுப் போகிற அந்த ஐந்து விநாடிக்குள்ளே ஒரு பெரிய கூலித் தகராறு கிடக்கிறது. அது நமக்குப் புதிய தகராறு அல்ல. நம் பாட்டன் காலத்து மில்லிலே நடந்த அதே தகராறுதான். தறிக்குப் பதில் காமிரா வந்திருக்கிறது. மேஸ்திரிக்குப் பதில் யந்திரம் வந்திருக்கிறது. கூலியைப் பிடித்துக்கொள்ளும் கை மட்டும் மாறவில்லை.

காசு வரும் வழி

முதலில் கணக்கைப் பார்ப்போம். யூடியூப் 2005-ல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. மறு வருஷமே கூகுள் கம்பெனி அதை 165 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது. அதிலே ஓடுகிற படங்களில் மிகப் பெரும்பாலானவற்றைக் கூகுள் எடுக்கவில்லை. உலகெங்கும் உள்ள சாதாரண ஜனங்கள் தங்கள் காமிராவில், தங்கள் செலவில், தங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு எடுத்தவை அவை. அந்தப் படங்களைப் பார்க்கக் கூடுகிற கூட்டத்தை விளம்பர முதலாளிகளுக்கு விற்பதுதான் கூகுளின் தொழில். சந்தைக்கு வருகிறவனையே சரக்காக்கி விற்கிற வியாபாரம்!

அதில் வருவது கொஞ்சநஞ்சமல்ல. 2019-ல் யூடியூபின் விளம்பர வருமானம் சுமார் 1,500 கோடி டாலர். 2024-ல் அது 3,600 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. ஐந்தே வருஷத்தில் இரட்டிப்புக்கு மேல்.

படம் எடுப்பவருக்கும் இதில் பங்கு உண்டு. 2007-ல் தொடங்கிய 'பங்காளித் திட்ட'த்தில் சேர்ந்தவருக்கு, அவருடைய நீண்ட படத்தில் ஓடும் விளம்பரக் காசில் நூற்றுக்கு 55, கம்பெனிக்கு 45. 'ஷார்ட்ஸ்' என்ற குட்டிப் படங்களுக்கு 2023 பிப்ரவரியில் வந்த முறைப்படி, அவற்றுக்கென்று ஒதுக்கும் தொகையில் நூற்றுக்கு 45-தான் எடுத்தவர் கைக்கு வரும்.

இதுவரை கேட்டால் வாரச் சாகுபடி மாதிரி இருக்கிறது. விளைச்சலில் இன்ன பங்கு உழுதவனுக்கு, இன்ன பங்கு நிலக்காரனுக்கு. ஆனால் எந்த மிராசுதாரும் சொல்லக் கூசுகிற ஒரு நிபந்தனை இங்கே உண்டு. நெல் களத்துக்கு வந்த பிறகு, 'இது விளம்பரதாரருக்கு உகந்ததல்ல' என்று கம்பெனி அதன் மேல் ஒரு மஞ்சள் டாலர் முத்திரை குத்தலாம். பச்சை முத்திரை விழுந்தால் விளம்பரம் முழுசாக ஓடும், காசு வரும். மஞ்சள் விழுந்தால் விளம்பரம் சொற்பம், அல்லது சுத்தமாக இல்லை, காசும் அப்படியே.

இதிலே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மஞ்சள் முத்திரை விழுந்த படத்தை அகற்றுவதில்லை. படம் ஓடும். ஜனங்கள் வந்து பார்ப்பார்கள். பார்த்துவிட்டுப் பக்கத்திலிருக்கும் வேறு படத்துக்குப் போவார்கள். அங்கே விளம்பரமும் பார்ப்பார்கள். கம்பெனியின் கொட்டகைக்குக் கூட்டம் சேர்ந்தாயிற்று. கூட்டத்தைக் கூட்டி வந்தவனுக்கு மட்டும் கூலி இல்லை!

ரூபாய்க்கு அரையணா

இதற்குப் பெயர் என்ன? 'உள்ளடக்கக் கொள்கை' என்கிறது கம்பெனி. நமக்குத் தெரிந்த பெயர் வேறு: அபராதம்.

பழைய காலத்து மில்களில் நெய்த துணியை மேஜை மேல் விரித்து, 'பழுது' என்று முத்திரை குத்தி, நெசவாளியின் கூலியில் பிடித்துக்கொள்வது வழக்கம். நூல் மட்டமா, தறி மோசமா, கை தவறா என்ற கேள்வியே கிடையாது. மேஸ்திரி சொன்னதுதான் தீர்ப்பு. இந்த அக்கிரமத்தைக் கேட்கத் தொழிலாளி வர்க்கம் எழுந்து நின்றது. அதன் பிறகுதான், வெள்ளைக்காரன் ஆண்டபோதே, 1936-ல் கூலி வழங்கல் சட்டம் வந்தது.

அந்தச் சட்டம் என்ன சொன்னது? எந்தெந்தத் தவறுக்கு அபராதம் என்று சர்க்கார் சம்மதம் பெற்று முன்கூட்டியே அறிவிப்பு ஒட்ட வேண்டும். அபராதம் போடுமுன் தொழிலாளியின் சமாதானத்தைக் கேட்க வேண்டும். எவ்வளவு பெரிய தவறானாலும் கூலியில் ரூபாய்க்கு அரையணாவுக்கு மேல் போகக் கூடாது. வசூலான காசு முதலாளியின் பெட்டிக்குப் போகக் கூடாது. தொழிலாளர் நன்மைக்கே செலவாக வேண்டும்.

இன்று அந்தச் சட்டத்தின் இடத்தில் 2019-ம் வருஷத்துக் கூலிச் சட்டத் தொகுப்பு வந்து உட்கார்ந்திருக்கிறது. 2025 நவம்பரில் அமலான அந்தத் தொகுப்புகளோடு நமக்குள்ள சண்டை வேறு கதை. ஆனால் அதிலுங்கூட அபராதத்துக்கு நூற்றுக்கு 3 என்ற வரம்பும், சமாதானம் கேட்க வேண்டும் என்ற விதியும் நிற்கின்றன. அவற்றைப் பிடுங்கி எறிய அவர்களுக்குத் துணிச்சல் வரவில்லை.

இப்போது காமிராக்காரனைப் பாருங்கள். விதிகள் அச்சில் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் 'பொருத்தமற்றது', 'அதிர்ச்சி தருவது', 'சர்ச்சைக்குரியது' என்று ரப்பர் போல் இழுத்தால் இழுபடுகிற சொற்கள். விதியை எழுதுகிறவன் கம்பெனிக்காரன். மாற்றுகிறவனும் அவனே. முத்திரை குத்துவது அவனுடைய யந்திரம். மேல்முறையீடு கேட்பதும் அவனுடைய சிப்பந்தி. ரூபாய்க்கு அரையணா என்ற வரம்பு இல்லை, ரூபாயே போகலாம். படம் எடுத்தவனின் சமாதானம் எப்போது கேட்கப்படுகிறது? தண்டனை விழுந்த பிறகு!

'முறையிட்டால் ஆள் வைத்துப் பார்த்துப் பச்சை முத்திரை தருகிறோமே' என்பார்கள். தருகிறார்கள், சில வேளைகளில். ஆனால் நாட்டு நடப்பைச் சொல்லும் படத்துக்குக் கூட்டம் வருவது முதல் இரண்டு மூன்று நாள்தான். கூட்டம் கலைந்த பிறகு வருகிற பச்சை முத்திரை, பந்தி முடிந்த பிறகு போடுகிற இலை.

யார் கொடுத்த சவுக்கு?

இந்த விதிகளை ஜனங்கள் கேட்டார்களா? பார்க்கிறவர்கள் ஓட்டுப் போட்டார்களா? இல்லை. கதையைக் கேளுங்கள்.

2016 ஆகஸ்டு கடைசியில் அமெரிக்காவில் பல பேருக்குத் திடீரென்று நோட்டீசு வந்தது: உங்கள் படங்களுக்கு விளம்பரம் இல்லை என்று. கூச்சல் எழுந்தது. கம்பெனி என்ன பதில் சொன்னது தெரியுமா? 'விதி ஒன்றும் புதிதல்ல, பழைய விதிதான். உங்களுக்குத் தெரிவிக்கிற முறையைத்தான் மாற்றியிருக்கிறோம்' என்றது. அதாவது, அதற்கு முன்னாலும் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்கள். இப்போதுதான் வாய் திறந்து சொன்னார்கள்! சம்பளச் சீட்டே கொடுக்காத மில்லை நாம் பார்த்திருக்கிறோம். கூலியைப் பிடித்த சங்கதியையே மறைத்த மில் இது.

2017 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை ஒரு உண்மையை வெளியிட்டது. பயங்கரவாதிகளும் இனவெறியர்களும் போட்ட படங்களின் பக்கத்தில் பெரிய பெரிய கம்பெனிகளின் விளம்பரங்கள் ஓடுகின்றன, அந்தக் காசில் அவர்களுக்கும் பங்கு போகிறது என்று. பிரிட்டிஷ் சர்க்கார் விளம்பரத்தை நிறுத்தியது. 'கார்டியன்' பத்திரிகை நிறுத்தியது. அமெரிக்காவில் ஏ.டி. அண்டு டி, வெரைசன், ஜான்சன் அண்டு ஜான்சன் போன்ற ராட்சசக் கம்பெனிகள் பின்வாங்கின.

குற்றச்சாட்டு நியாயமானது. இனவெறியனுக்குக் காசு போவதை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்தக் காசைப் போக விட்டது யார்? பார்க்காமல், படிக்காமல், எந்தப் படத்துக்கும் விளம்பரத்தை ஒட்டிக் கல்லாவை நிரப்பியது யார்? கூகுள்! தண்டனை யாருக்கு வந்தது? 2017 ஏப்ரலில், 10,000 பார்வை சேராத சேனலுக்கு விளம்பரப் பங்கு இல்லை என்றார்கள்.

2017 டிசம்பர் கடைசியில் அமெரிக்காவின் பெரிய யூடியூப் நட்சத்திரம் ஒருவர் ஜப்பானியக் காட்டில் தற்கொலை செய்துகொண்டவரின் பிணத்தைப் படம்பிடித்துப் போட்டார். உலகமே காறித் துப்பியது. அவருடைய விளம்பரம் சில நாள் நிறுத்தப்பட்டது. பிறகு திரும்பி வந்தது. ஆனால் அந்தப் பரபரப்பு அடங்குவதற்குள், 2018 ஜனவரியில், சின்னச் சேனல்கள் எல்லாவற்றின் தலையிலும் இடி விழுந்தது: 1,000 சந்தாதாரரும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் இல்லாதவன் திட்டத்தை விட்டு வெளியே போ! இதற்குக் கம்பெனி சொன்ன சமாதானத்தைக் கேளுங்கள். பாதிக்கப்படுகிறவர்களில் நூற்றுக்கு 99 பேர் அதற்கு முந்தைய வருஷத்தில் 100 டாலர்கூடச் சம்பாதிக்காதவர்களாம். ஆகையால் நஷ்டம் பெரிதல்லவாம்!

நூறு டாலர் கூகுளுக்குத் தூசி. இல்லாதவன் வீட்டில் அது ஒரு மாத அரிசி. பெருந்தனக்காரன் செய்த பிழைக்குப் பரம ஏழையின் அரிசியில் கை வைத்துவிட்டு, 'கொஞ்சம் அரிசிதானே' என்று சொல்வதற்கு எத்தனை நெஞ்சழுத்தம் வேண்டும்!

விழுங்க வேண்டிய சொற்கள்

காசு போனது பாதிக் கதை. மீதிக் கதை நாக்கைப் பற்றியது.

விளம்பரதாரருக்கு ஆகாதவை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. வன்முறை, போதை, ஆயுதம், கெட்ட வார்த்தை இவற்றோடு 'சர்ச்சைக்குரிய விஷயங்கள்' என்று ஒரு தலைப்பு. அதன் கீழே என்ன வைத்தார்கள்? குழந்தைகள் மீது நடக்கும் கொடுமை, பெண்களுக்கு நேரும் பாலியல் தொல்லை, குடும்பத்துக்குள் அடி உதை, தற்கொலை, கருக்கலைப்பு. இன்னொரு தலைப்பு, மனதைப் புண்படுத்தும் நிகழ்ச்சிகள்: யுத்தம், கொள்ளை நோய், தாக்குதல். செய்தியாகவோ கல்வியாகவோ சொன்னால் சலுகை உண்டு என்று எழுதியும் வைத்திருக்கிறார்கள். சலுகை காகிதத்தில் இருக்கிறது. முத்திரை யந்திரத்தின் கையில் இருக்கிறது.

2020 தொடக்கத்தில் நடந்ததை மறக்க முடியுமா? கொரோனா உலகத்தைச் சூழ்ந்துகொண்டிருந்தது. அந்த நோயைப் பற்றிப் பேசிய படங்களுக்கு விளம்பரம் இல்லை என்று கம்பெனி வைத்திருந்தது. மார்ச் மாதத்தில்தான் மனம் இரங்கியது. அதுவும் முதலில் சில சேனல்களுக்கு மட்டும், பிறகுதான் மற்றவர்களுக்கு. ஜனங்களுக்கு எந்தச் செய்தி உயிர் போல் தேவைப்பட்டதோ, அந்தச் செய்தியைச் சொன்னவனுக்குத்தான் கூலி இல்லை! ஏன்? மருந்துக்குப் பக்கத்தில் மரணம் நின்றாலும் நிற்கலாம், சோப்புக்குப் பக்கத்தில் மரணம் நிற்கக் கூடாது.

2022 நவம்பரில் இன்னொரு உத்தரவு. படத்தின் முதல் சில விநாடிகளில் கெட்ட வார்த்தை வந்தால் விளம்பரம் வெட்டு. அதை அன்றிலிருந்து எடுக்கும் படத்துக்கு மட்டும் வைத்தார்களா? இல்லை, பழைய படங்களுக்கும் பாய்ச்சினார்கள். சட்டம் பிறக்கும் முன்னே செய்த காரியத்துக்குத் தண்டனை! எதிர்ப்பு வலுத்ததும் 2023 மார்ச்சில் கொஞ்சம் தளர்த்தினார்கள். 2025 ஜூலையில் மேலும் தளர்த்தினார்கள். அப்படியானால் முதலில் போட்ட உத்தரவு தவறுதானே? இடையில் வெட்டிய காசுக்குப் பதில் சொல்வது யார்?

இப்படிச் சவுக்கு எப்போது விழும், எதற்கு விழும் என்று தெரியாதபோது மனிதன் என்ன செய்வான்? தானே குனிந்துகொள்வான். 'கொலை', 'தற்கொலை' என்ற சொற்களுக்குப் பயந்து, ஆங்கிலத்தில் படம் போடுகிற இளைஞர்கள் 'அன்அலைவ்' என்று ஒரு சொல்லை உண்டாக்கிவிட்டார்கள். செத்தான் என்று சொல்லாமல் 'உயிரில்லாதவன் ஆனான்' என்பது போல! குழந்தை மழலை பேசினால் கேட்க இனிமை. வயது வந்த ஆண்களும் பெண்களும் விளம்பரதாரனுக்குப் பயந்து மழலை பேசினால் அது அடிமைத்தனம்.

நம் வீட்டுக் கதையோடு வைத்துப் பாருங்கள். 1968 டிசம்பர் 25 இரவு, கீழவெண்மணியில் 44 உயிர்களை ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். கூலி கேட்ட விவசாயத் தொழிலாளிகளின் பெண்டு பிள்ளைகள் அவர்கள். நாளை ஒரு பையன் இந்தச் சரித்திரத்தைப் படமாக்கிச் சொல்ல வருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'எரித்தார்கள்' என்று சொல்லலாமா, கூடாதா? 'கொன்றார்கள்' என்றால் யந்திரம் அதைச் சரித்திரம் என்று எடுத்துக்கொள்ளுமா, வன்முறை என்று மஞ்சள் குத்துமா? அவன் சத்தியத்தைச் சொல்லுமுன் சோப்புக் கம்பெனியின் முகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. சமையல் சொல்லித் தருகிறவனுக்கு இந்தப் பயம் இல்லை. பசியைப் பற்றிப் பேசுகிறவனுக்குத்தான் இந்தப் பயம்.

'அப்படியானால் ஆபாசத்தை ஆதரிக்கிறாயா?'

இப்படிக் கேட்க ஆள் இருக்கிறது. ஜாதி வெறி, மத வெறி, ஆபாசம் எல்லாம் தறிகெட்டு ஓடட்டும் என்கிறாயா என்று.

இல்லை ஐயா! வெறியைத் தூண்டுகிறவனுக்குச் சட்டம் இருக்கிறது. போலீசும் கோர்ட்டும் இருக்கின்றன. யூடியூபிலேயே அப்படிப்பட்ட படங்களை அகற்றுவதற்கு வேறு விதிகள் இருக்கின்றன. அது வேறு, நாம் பேசுவது வேறு. விளம்பரதாரர் விதி எதையும் அகற்றுவதில்லை. விஷத்தை ஓட விட்டு, விஷத்தின் பக்கத்தில் தன் சரக்கு நிற்கவில்லை என்று திருப்திப்பட்டுக்கொள்வதுதான் அதன் வேலை. இது நல்லதா கெட்டதா என்று அது கேட்பதில்லை; இது சரக்கை விற்குமா விற்காதா என்றே கேட்கிறது. அடிபட்ட பெண் தன் கதையைச் சொல்வதும், அடிப்பவன் பெருமை பேசுவதும் அந்தத் தராசில் ஒரே பக்கம் விழலாம்.

அவர்கள் தர்மத்தின் லட்சணத்தை அறிய இன்னொரு சாட்சி. 2020 நவம்பரில் அமெரிக்காவிலும், 2021 ஜூன் முதல் மற்ற நாடுகளிலும் யூடியூப் தன் ஒப்பந்தத்தில் ஒரு வரியைச் சேர்த்தது. பங்காளித் திட்டத்தில் இல்லாத சேனலின் படத்திலும் கம்பெனி விளம்பரம் போடலாம். ஆனால் அந்தக் காசில் படம் எடுத்தவனுக்குப் பங்கு கிடையாது!

2018-ல் என்ன சொன்னார்கள்? சின்னச் சேனலை நம்பி விளம்பரம் போட முடியாது, ஆகவே வெளியே போ என்றார்கள். இப்போது அதே சின்னச் சேனலில் விளம்பரம் போடலாமாம். அவனுக்குப் பங்கு கொடுக்கும்போது இருந்த ஆபத்து, கொடுக்காதபோது எங்கே பறந்தது? தாழ்ந்த ஜாதிக்காரன் கை பட்டால் தீட்டு, அவன் அறுத்த நெல் மட்டும் தீட்டில்லை என்று சொன்ன மிராசுதார் புத்திதானே இது?

பங்காளியா, கூலியா?

'அவன் சொந்தக் காமிரா வைத்திருக்கிறான். இஷ்டம் இருந்தால் வேலை செய்கிறான். அவன் எப்படித் தொழிலாளி? அவன் பங்காளி' என்கிறது கம்பெனி. இந்த ஜாலம் நமக்குப் பழக்கமானது. கைத்தறி நெசவாளி வீட்டில் சொந்தத் தறி இருக்கிறது. ஆனால் பாவும் ஊடையும் ஜவுளி முதலாளியுடையது, சந்தையும் அவனுடையது. சேலையைப் புரட்டிப் பார்த்து 'இது செல்லாது' என்று தள்ளுகிற அதிகாரமும் அவனுடையது. தறி சொந்தமாக இருந்ததால் நெசவாளி முதலாளி ஆகிவிட்டானா? சந்தை எவன் கையில் இருக்கிறதோ அவன்தான் முதலாளி.

இன்னொரு வாதம்: 'மூன்று வருஷத்தில் 7,000 கோடி டாலர் கொடுத்திருக்கிறோம்' என்று 2024 தொடக்கத்தில் யூடியூப் பெருமை பேசியது. பெரிய பாட்டுக் கம்பெனிகளுக்கும் ஊடக நிறுவனங்களுக்கும் போனதும் அதில் அடக்கம். கொடுத்தது அவர்கள் வீட்டுக் காசா? உழைத்தவனின் பங்கு. மில் முதலாளிகூட வருஷா வருஷம் கோடிக்கணக்கில் கூலி கொடுக்கிறான். அதற்காக அபராதம் நியாயம் ஆகிவிடுமா?

நம் புதுக்கோட்டைச் சீமை விவசாயக் குடும்பத்து இளைஞர்கள் தாத்தாவோடு சேர்ந்து வயல்வெளியில் சமைத்துக் காட்டி, 2021-ல் ஒரு கோடி சந்தாதாரரைத் தாண்டினார்கள். நமக்குப் பெருமைதான். அவர்கள் உழைப்புக்குத் தலை வணங்குகிறோம். ஆனால் ஒருவர் கரையேறியதைக் காட்டி, ஆற்றில் அடித்துச் செல்லப்படுகிற ஆயிரம் பேருக்கு நீச்சல் தெரியவில்லை என்று சொல்லக் கூடாது.

கோர்ட்டுக்குப் போனால்? போனார்கள். ஒரு வலதுசாரி ஸ்தாபனம் போட்ட வழக்கில் 2020 பிப்ரவரியில் அமெரிக்க அப்பீல் கோர்ட்டு சொன்னது: யூடியூப் தனியார் மேடை, பேச்சுரிமைச் சட்டம் சர்க்காரைத்தான் கட்டுப்படுத்தும், இதைக் கட்டுப்படுத்தாது. அந்த ஸ்தாபனத்தின் அரசியல் நமக்குப் பகை. ஆனால் அடுத்த பக்கத்தையும் பாருங்கள். எங்களை நாங்கள் யார் என்று சொன்னாலே விளம்பரம் வெட்டுகிறார்கள் என்று ஓரினச் சேர்க்கையாளரும் திருநங்கையரும் 2019 ஆகஸ்டில் வழக்குப் போட்டார்கள். 2021 ஜனவரியில் அந்த வழக்கையும் கோர்ட்டு தள்ளிவிட்டது. கோடிக்கணக்கான ஜனங்கள் கூடும் சந்தை, சட்டத்தின் கண்ணுக்கு ஒரு தனியார் வீட்டுத் திண்ணை!

முதலாளிக்குச் சங்கம் உண்டு

தொழிலாளி சங்கம் வைத்தால் 'அரசியல்' என்பார்கள். முதலாளிகள் வைத்துக்கொள்ளவில்லையா? உலக விளம்பரதாரர் சம்மேளனம் 2019-ல் ஒரு கூட்டணியைத் தோற்றுவித்தது. எந்த மாதிரிப் படத்தின் பக்கத்தில் விளம்பரம் நிற்கலாம், எதன் பக்கத்தில் கூடாது என்று எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் வகுத்தது. 2024 ஆகஸ்டில் அது கலைக்கப்பட்டது. ஏன்? தொழிலாளி கேட்டதாலா? இல்லை. 'எக்ஸ்' கம்பெனி முதலாளி ஈலான் மஸ்க் தனக்கு விளம்பரம் வராமல் தடுத்தார்கள் என்று வழக்குப் போட்டதால்! முதலாளி முதலாளியோடு மோதினால் கூட்டணியே உடைகிறது. படம் எடுக்கிறவன் கெஞ்சினால் ஒரு தானியங்கிப் பதில் வருகிறது.

ஆனால் ஜெர்மனியில் ஒருவர் கெஞ்சுவதை நிறுத்தினார். யோர்க் ஸ்பிராவே என்று பெயர். விதவிதமாகக் கவண் செய்து காட்டிப் படம் போடுகிறவர். 2017-க்குப் பிறகு வருமானம் விழுந்தது. 2018 மார்ச்சில் 'யூடியூபர் சங்கம்' என்று ஒன்றைத் தொடங்கினார். 2019 ஜூலையில் அந்தச் சங்கத்தோடு கைகோத்தது யார் தெரியுமா? 20 லட்சத்துக்கு மேல் உறுப்பினர் கொண்ட ஜெர்மன் உலோகத் தொழிலாளர் சங்கம், ஐ.ஜி. மெட்டால்! கார் தொழிற்சாலையில் ஸ்பானர் பிடிக்கிறவன், காமிரா பிடிக்கிறவனைப் பார்த்து 'நீயும் என் ஜாதி' என்றான். 'ஃபேர்டியூப்' என்ற இயக்கம் பிறந்தது.

அவர்கள் கேட்டது என்ன? முத்திரை குத்தும் அளவுகோல்கள் எல்லாவற்றையும் வெளியிடு. படத்தின் எந்த இடம் எந்த விதியை மீறியது என்று சொல். பதில் சொல்ல ஒரு மனிதரைக் கொடு. தீர்ப்பை எதிர்த்து வாதிட வழி கொடு. தகராறு வந்தால் இரு தரப்பையும் சாராத நடுவர் குழு வை. விதி வகுக்கும்போது எங்களுக்கும் இடம் கொடு. தோழர்களே, 1936-ல் நம் நாட்டு மில் தொழிலாளிக்குச் சட்டத்தில் கிடைத்ததைத்தானே 2019-ல் அவர்கள் கேட்டார்கள்!

கூகுள் என்ன செய்தது? உலோகச் சங்கத்தோடு பேசத் தயார், யூடியூபர் சங்கத்துப் பிரதிநிதிகள் கூடாது என்றது. பெரிய சங்கத்தைக் கூப்பிட்டுக் காப்பி கொடுத்து, அடிபட்டவனை வாசலில் நிறுத்துகிற பழைய தந்திரம். உலோகச் சங்கம் அந்தக் காப்பிக்கு மயங்கவில்லை. அந்தச் சந்திப்புக்குப் போக மறுத்தது. பின்னால் 2021-ல் 'ஃபேர்டியூப்' தனி ஸ்தாபனமாகவே பதிவாகி நிற்கிறது. வெற்றி கிடைத்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டோம். ஆனால் பாதை தெரிந்துவிட்டது.

நாம் செய்ய வேண்டியது

'நமக்கு ஏன் இந்த வம்பு? நம் பஞ்சப்படியே தீரவில்லையே' என்று கேட்கலாம். நம் வீட்டுப் பிள்ளைகள்தான் இன்று காமிராவைத் தூக்குகிறார்கள். மில்லில் இடம் இல்லை. வயலில் வேலை நாள் குறைந்துவிட்டது. கையில் உள்ள செல்போனை வைத்துப் பிழைக்கப் பார்க்கிறார்கள். அவர்களுக்கு எந்தக் கணக்கில் கூலி என்று யந்திரம் தீர்மானிக்கிறது. இன்று அவர்களுக்கு வந்தது நாளை நம் ஷிப்டுக்கு வராது என்று யார் உறுதி சொல்வது? வேலையை அளக்கும் யந்திரம், காரணம் சொல்லாத வெட்டு, 'நீ தொழிலாளி அல்ல, பங்காளி' என்ற வார்த்தை – சாப்பாடு கொண்டுபோகும் பையன்கள் தலையில் இவை ஏற்கெனவே ஏறிவிட்டன.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பத்திரிகைக்கு நகைக்கடை விளம்பரம் எவ்வளவு வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் கொடுக்கும் சந்தாவில் இது நடப்பதால்தான் அபராதத்தை அபராதம் என்று இதில் எழுத முடிகிறது. விளம்பரக்காரன் சோற்றை நம்பி நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கும் ஒரு மஞ்சள் முத்திரை விழுந்திருக்கும்.

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. மேடைக் கம்பெனிகளுக்குச் சட்டம் வேண்டும். எதற்கு வெட்டு என்று முன்கூட்டிச் சொல்; பழைய படத்துக்குப் புது விதி பாய்ச்சாதே; வெட்டுமுன் சமாதானம் கேள்; தவறாக வெட்டியதைத் திருப்பிக் கொடு; உன் சிப்பந்தி அல்லாத நடுவரை வை; எவன் படத்தில் விளம்பரம் ஓடுகிறதோ அவனுக்குப் பங்கு கொடு. காமிரா பிடிக்கும் பிள்ளைகளுக்கு நாம் சொல்ல வேண்டியது ஒன்றே. சொல்லை விழுங்கிப் பிழைக்கப் பார்க்காதீர்கள். இன்று ஒரு சொல்லை விழுங்கினால் நாளை ஒரு வாக்கியத்தை விழுங்கச் சொல்வார்கள். தனியாக முறையிட்டால் யந்திரம் பதில் சொல்லும். சங்கமாகச் சேர்ந்து கேட்டால் முதலாளி பதில் சொல்லியாக வேண்டும்.

ரூபாய்க்கு அரையணா என்ற வரம்பை யாரும் நம் பாட்டன்மாருக்குத் தானமாகக் கொடுக்கவில்லை. கேட்டு வாங்கினார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளும் கேட்டுத்தான் வாங்க வேண்டும். அந்தக் கேள்வியில் அவர்கள் குரலோடு நம் குரலும் சேரட்டும்!